வைரஸ் கல்லீரல் அழற்சியின் ஆய்வகக் கண்டறிதல்: குறிகாட்டிகளும் காலமும்

ஆய்வுச் சுருக்கம்

மஞ்சள் காமாலை ஒரு தனி நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. கல்லீரலைத் தாக்கி அதனைத் தோற்றுவிக்கும் வைரஸ்களுள் ஏ, பி, சி, டி, ஈ ஆகிய ஐந்தும் முதன்மையானவை. கல்லீரல் எந்த அளவு பாதிக்கப்பட்டுள்ளது, தாக்கிய வைரஸ் எது, தொற்று எந்நிலையில் உள்ளது ஆகிய மூன்று வினாக்களுக்கும் குருதிச் சோதனைகளே தெளிவான விடை தருகின்றன. ஒரு சோதனை இவற்றுள் ஒரு வினாவுக்கே விடையளிக்கும் என்பதையும், அவ்விடையின் பொருள் தொற்று நிகழ்ந்த காலத்தோடு பொருத்திப் பார்க்கும்போதே துலங்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்லீரல் அழற்சி, காமாலை, எதிர்ப்பொருள், எதிர்ப்பொருள் தூண்டி, சாளரக் காலம், கீழாநெல்லி.

முன்னுரை

விழியின் வெண்பகுதியும் தோலும் மஞ்சளாவதைக் காமாலை என்பர். குருதியில் பிலிருபின் என்னும் பித்தநிறமி மிகுவதே இதற்குக் காரணமாகும். நலமானவரின் குருதியில் இந்நிறமி ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவுக்குள் இருக்கும். அது 2 முதல் 3 மில்லிகிராம் அளவை எட்டும்போதுதான் மஞ்சள் நிறம் கண்ணுக்குப் புலப்படும். பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும், சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதைந்தாலும், மதுவாலோ மருந்தாலோ கல்லீரல் கெட்டாலும் இந்நிறம் தோன்றும். எனவே காமாலையைக் கண்டவுடன் அதனை வைரஸ் தொற்று என முடிவு செய்ய இயலாது.

இதன் மறுதலையும் உண்மையாகும். பி, சி வகை வைரஸ்கள் காமாலை எதையும் காட்டாமலே பல்லாண்டுகள் உடலில் தங்கி, கல்லீரல் இறுக்க நோய்க்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கக்கூடும். ஏ, ஈ வகைகளில் தோன்றும் காமாலையோ பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடுகிறது. ஆகவே நிறம் தணிவதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், இடைப்பட்ட நாள்களில் உண்ட எந்த மருந்தும் நோயைத் தீர்த்ததாகவே தோன்றும். காமாலை காட்டாத தொற்றாளர் கணக்கில் வராமலே போவர். ஆய்வகக் கண்டறிதலின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

கல்லீரல் பாதிப்பின் அளவு

முதல் வினாவுக்கு விடையளிப்பவை கல்லீரல் செயற்பாட்டுச் சோதனைகள் எனப் பொதுவாக வழங்கப்படுபவை. கல்லீரல் உயிரணுக்கள் சிதையும்போது அவற்றினுள் இருக்கும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் நொதிகள் குருதியில் கலக்கின்றன. நலமானவரிடம் ஏ.எல்.டி. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 அலகுக்குள் இருக்கும். கடுமையான வைரஸ் அழற்சியில் இது 1,000 அலகைத் தாண்டுவதும் உண்டு. எனினும் இந்நொதிகள் சிதைவு நிகழ்ந்துள்ளதை மட்டுமே உணர்த்தும். சிதைத்தது எது என்பதை உணர்த்தா.

நொதியளவு குறைவது எப்போதும் நற்செய்தியாகாது. சிதைவதற்கு உயிரணுக்கள் எஞ்சாத நிலையிலும் ஏ.எல்.டி. இறங்கும். குருதி உறைவதற்கு வேண்டிய புரதங்களுள் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே ஆக்குவதால், குருதி உறையும் நேரத்தை அளக்கும் புரோத்ராம்பின் நேரச் சோதனை அதன் ஆக்கத்திறனைக் காட்டுகிறது. நொதியளவு இறங்க, புரோத்ராம்பின் நேரம் நீண்டுகொண்டே செல்லுமானால் அது கல்லீரல் செயலிழப்பின் அறிகுறியாகலாம். இரு எண்களையும் இணைத்துப் படிக்காதவர் அதனை நலம் திரும்புவதாகப் பிறழக் கொள்ள நேரும்.

ஏ வகையும் ஈ வகையும்

இவ்விரண்டும் பெரும்பாலும் மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுபவை. தொற்று நிகழ்ந்ததும் உடல் முதலில் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருளையும், பின்னர் நெடுங்காலம் நிலைக்கும் ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளையும் உருவாக்குகிறது. ஆகவே ஏ வைரஸுக்கு எதிரான ஐ.ஜி.எம். காணப்பட்டால் அண்மைத் தொற்று எனவும், ஐ.ஜி.ஜி. மட்டும் காணப்பட்டால் பழைய தொற்றோ தடுப்பூசியோ தந்த பாதுகாப்பு எனவும் கொள்ளலாம். ஈ வகையிலும் ஐ.ஜி.எம். சோதனையே முதன்மையானது; ஐயம் எழுமிடத்து வைரஸின் ஆர்.என்.ஏ. தேடப்படும்.

வகை பிரித்தறிவதன் இன்றியமையாமையை இந்திய வரலாறே காட்டுகிறது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியின் குடிநீரில் கழிவுநீர் கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். அது நெடுங்காலம் ஏ வகைத் தொற்றாகவே கருதப்பட்டது. அந்நாளில் சேமித்து வைக்கப்பட்ட ஊநீர் மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது அது ஏ வகையுமன்று, பி வகையுமன்று என்பது 1980இல் வெளியாயிற்று. பின்னர் ஈ எனப் பெயர்பெற்ற வைரஸைத் தேடிய முயற்சிகளில் இதற்குத் தனியிடம் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாக இறுதி மூன்று மாதங்களில், ஈ வகை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். ஆகவே இவ்வேறுபாடு பெயரளவிலானதன்று.

பி வகை: ஒரே வைரஸ், பல குறிகாட்டிகள்

பரூக் புளூம்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ஊநீரில் இருந்த புரதம், பலமுறை குருதியேற்றம் பெற்ற ஒரு நோயாளியின் எதிர்ப்பொருளோடு வினைபுரிவதைக் கண்டார். 1965இல் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்னும் பெயரில் வெளியிடப்பட்ட அப்புரதமே பி வைரஸின் மேற்பரப்பு எதிர்ப்பொருள் தூண்டி எனப் பின்னர் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்பு தொடர்பான பணிக்காக அவர் 1976இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய ஆய்வறிக்கைகளில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. எனக் குறிக்கப்படுவது இதுவே.

இம்மேற்பரப்புத் தூண்டி குருதியில் இருப்பது வைரஸ் உடலில் இருப்பதற்கு அடையாளம். அது 6 மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட தொற்று எனப்படும். இதற்கு எதிரான எதிர்ப்பொருள் தோன்றுவது பாதுகாப்பின் அடையாளம். வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் மூன்றாவது குறிகாட்டி. தடுப்பூசியில் மேற்பரப்புப் புரதம் மட்டுமே இருப்பதால், தடுப்பூசி பெற்றவரிடம் உட்கரு எதிர்ப்பொருள் உருவாவதில்லை. இயற்கையாகத் தொற்றுற்றவரிடமே அது உருவாகும். இம்மூன்றையும் இணைத்துப் பின்வருமாறு படிக்கலாம்:

1. மேற்பரப்பு எதிர்ப்பொருள் மட்டும் இருப்பின், தடுப்பூசியால் பெற்ற பாதுகாப்பு.

2. மேற்பரப்பு எதிர்ப்பொருளும் உட்கரு எதிர்ப்பொருளும் இருந்து, மேற்பரப்புத் தூண்டி இல்லையெனில், தொற்று வந்து நீங்கிய நிலை.

3. மேற்பரப்புத் தூண்டியோடு உட்கரு எதிர்ப்பொருளின் ஐ.ஜி.எம். வகையும் இருப்பின், பெரும்பாலும் அண்மைத் தொற்று. நாட்பட்ட தொற்று கிளர்ந்தெழும்போதும் இது தோன்றலாம்.

4. மேற்பரப்புத் தூண்டியும் உட்கரு எதிர்ப்பொருளும் இருந்து, ஐ.ஜி.எம். வகை இல்லையெனில், பெரும்பாலும் நாட்பட்ட தொற்று.

5. உட்கரு எதிர்ப்பொருள் மட்டும் இருப்பின், மேலும் ஆராய வேண்டிய நிலை.

ஐந்தாவது நிலையே மிகுந்த கவனத்துக்குரியது. கடுந்தொற்றின் பிற்பகுதியில் மேற்பரப்புத் தூண்டி மறைந்தபின், அதற்கான எதிர்ப்பொருள் வெளிப்படும் முன் சில வாரங்கள் கழிவதுண்டு. இவ்விடைவெளியைச் சாளரக் காலம் என்பர். அப்போது மேற்பரப்புத் தூண்டியை மட்டும் சோதித்தவருக்குத் தொற்றில்லை என்னும் தவறான அறிக்கையே கிடைக்கும். உட்கரு எதிர்ப்பொருளைச் சோதித்தாலன்றி உண்மை வெளிப்படாது. பல்லாண்டுகளுக்கு முன் தொற்றுற்றவரிடமும் இவ்வெதிர்ப்பொருள் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். அத்தகையோருக்கு ரிடுக்ஸிமாப் போன்ற நோயெதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து தரப்பட்டால், கல்லீரலில் உறங்கிக்கிடந்த வைரஸ் மீண்டும் எழுந்து உயிரைப் பறிக்கவும் கூடும். அம்மருந்தைத் தொடங்குமுன் இச்சோதனை வேண்டப்படுவது இதனாலேயே.

வைரஸ் பெருகும் வேகத்தை அறிய ஈ தூண்டி எனப்படும் எச்.பி.ஈ.ஏ.ஜி. உதவும். ஆயினும் மரபுப்பிறழ்வுற்ற சில வைரஸ்கள் ஈ தூண்டியை ஆக்காமலே மிகுதியாகப் பெருகுகின்றன. ஆகவே சிகிச்சை குறித்த முடிவுக்கு வைரஸ் டி.என்.ஏ.வின் அளவே நம்பத்தக்க துணையாகும்.

டி வைரஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைக் கடன்பெற்றே பரவுகிறது. எனவே மேற்பரப்புத் தூண்டி உடையவரிடத்து மட்டுமே அதனைத் தேடுவது பொருளுடையது. இரண்டும் ஒருங்கே தொற்றினவா, நாட்பட்ட பி தொற்றின்மேல் டி வந்து சேர்ந்ததா என்பதை உட்கரு ஐ.ஜி.எம். பிரித்துக் காட்ட உதவும்.

சி வகை: எதிர்ப்பொருள் நோயாகாது

சி வைரஸ் 1989இல் அடையாளம் காணப்பட்டது. இதன் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகியோர் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். தொற்றிய 1 முதல் 2 வாரங்களிலேயே இவ்வைரஸின் ஆர்.என்.ஏ. குருதியில் தென்படும், எதிர்ப்பொருள் தோன்றவோ பொதுவாக 8 முதல் 11 வாரங்கள் ஆகும். இவ்விடைவெளியில் எதிர்ப்பொருள் சோதனை மட்டும் செய்தால் தொற்று தப்பிவிடும்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். தொற்றுற்றோருள் ஒரு பகுதியினர் மருந்தின்றியே வைரஸிலிருந்து விடுபடுகின்றனர். இன்றைய நேரடி வைரஸ் எதிர்ப்பு மருந்துகளால் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். இவ்விரு சாராரிடமும் எதிர்ப்பொருள் பல்லாண்டுகள் நிலைத்திருக்கும். ஆகவே எதிர்ப்பொருள் உள்ளது என்னும் அறிக்கை, வைரஸை எப்போதோ எதிர்கொண்டதற்கான சான்று மட்டுமே. இன்று நோயுள்ளது என்பதற்கு ஆர்.என்.ஏ. சோதனையே சான்று. சிகிச்சை முடிந்த 12 வாரங்களுக்குப் பின் ஆர்.என்.ஏ. தென்படாவிடில் குணமானதாகக் கொள்வர். இவ்வேறுபாட்டை அறியாதவிடத்துக் குணமடைந்தவரும் நோயாளி என்றே முத்திரை குத்தப்படுவார்.

குழந்தைகளிடத்து இப்பிழைக்கு இடம் இன்னும் மிகுதி. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து சில மாதங்கள் தங்குவதால், 18 மாதங்களுக்கு முன் எதிர்ப்பொருளைக் கொண்டு குழந்தைக்குச் சி தொற்று உள்ளதென முடிவு செய்வதில்லை.

எண்களைப் படித்தல்

சோதனை முறை எவ்வளவு சிறந்ததாயினும் அது யாரிடத்துச் செய்யப்படுகிறது என்பதும் முடிவின் பொருளை மாற்றும். தொற்றுள்ளவரையும் இல்லாதவரையும் 99 விழுக்காடு சரியாகப் பிரித்தறியும் ஒரு சோதனையை 10,000 பேருக்குச் செய்வதாகவும், அவர்களுள் 100 பேர் மட்டுமே தொற்றுற்றவர் எனவும் கொள்வோம். அந்த 100 பேருள் 99 பேரைச் சோதனை கண்டறியும். தொற்றில்லாத 9,900 பேருள் 99 பேரையும் தொற்றுற்றவராகவே அது காட்டும். ஆக, தொற்றுள்ளதாக அறிக்கை பெற்றோருள் சரிபாதியினர் தொற்றில்லாதவராவர். துரித அட்டையிலோ எலைசா முறையிலோ கிடைத்த முதல் முடிவை வேறொரு சோதனையால் உறுதிப்படுத்த வேண்டும் என்பதன் அடிப்படை இதுவே.

மாதிரியைக் கையாளும் முறையும் இத்தகையதே. ஹெபாரின் கலந்த குழாயில் எடுத்த குருதி, வைரஸ் மரபுப்பொருளைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடை செய்யக்கூடும். பி தடுப்பூசி இட்ட அடுத்த சில நாள்களில் தடுப்பூசியின் புரதமே மேற்பரப்புத் தூண்டியாகச் சோதனையில் தென்படலாம். அறிக்கையோடு நோயாளியின் வரலாற்றையும் படிக்க வேண்டியிருப்பதை இவை உணர்த்துகின்றன.

கீழாநெல்லி ஆய்வு தரும் படிப்பினை

காமாலைக்குத் தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் மூலிகை கீழாநெல்லி. சென்னை ஆய்வாளர்கள் தியாகராஜன் தலைமையில் புளூம்பெர்க்குடன் இணைந்து இதனைப் பி வைரஸ் தாங்கிகளுக்கு 30 நாள்கள் கொடுத்துச் சோதித்தனர். மருந்து பெற்ற 37 பேருள் 22 பேரிடமும், வெற்று மருந்து பெற்ற 23 பேருள் ஒருவரிடமும் மேற்பரப்புத் தூண்டி மறைந்ததாக 1988இல் 'லான்செட்' இதழில் அவர்கள் எழுதினர். பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அத்தகைய விளைவு காணப்படவில்லை.

இவ்வாய்வின் சிறப்பு அதன் முடிவில் இல்லை. அது எழுப்பிய வினாவில் உள்ளது. காமாலை தணிந்ததா என்று அது வினவவில்லை. வைரஸின் குறிகாட்டி மறைந்ததா என்று வினவியது. அளக்கத்தக்க வினாவாக அமைந்ததால்தான் பிறர் அதனைச் செய்துபார்த்து மறுக்கவும் முடிந்தது. மரபு மருத்துவத்தை ஆராய முற்படுவோர் மனங்கொள்ள வேண்டிய நெறி இது.

முடிவுரை

வைரஸ் கல்லீரல் அழற்சியைக் கண்டறிவதில் தனித்து நின்று முழு விடை தரும் சோதனை எதுவும் இல்லை. நொதிகள் சிதைவையும், புரோத்ராம்பின் நேரம் கல்லீரலின் ஆற்றலையும், எதிர்ப்பொருள்கள் உடலின் நினைவையும், தூண்டிகளும் மரபுப்பொருளும் வைரஸின் இருப்பையும் காட்டுகின்றன. தொற்று இல்லை என்னும் அறிக்கை சாளரக் காலத்தில் பெறப்பட்டதாக இருக்கலாம். உண்டு என்னும் அறிக்கை முற்றும் குணமானவருடையதாகவும் இருக்கலாம். எந்தக் குறிகாட்டி, தொற்றின் எந்தக் காலத்தில் சோதிக்கப்பட்டது என்பதைத் தெளிந்த பின்னரே ஓர் ஆய்வக முடிவு நோயறிதலாகும்.