லூ சுன்னின் இரு நடைகள்

சீன நாட்டின் இக்கால இலக்கியம் லூ சுன்னில் தொடங்குகிறது என்பர். 1918 மே மாதம் ‘புதிய இளைஞர்’ என்னும் இதழில் வெளிவந்த ‘பித்தனின் நாட்குறிப்பு’ என்ற சிறுகதையே அத்தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. சோ சூரென் என்னும் இயற்பெயருடைய அவர், லூ சுன் என்ற புனைபெயரை முதன்முதல் மேற்கொண்டதும் அக்கதைக்கே ஆகும். கதையின் சிறப்பு அது வழக்கு மொழியில் எழுதப்பட்டமை என்று இலக்கிய வரலாறுகள் கூறும். இக்கூற்று முழுமையானதன்று. கதையின் முகப்புப் பகுதி வழக்கு மொழியில் இல்லை. பழைய நூல்நடையில் உள்ளது. புரட்சிக்குரிய கதையைப் பழைய நடையில் தொடங்கியது ஏன் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அன்றைய சீனத்தின் மொழிநிலையை முதற்கண் அறிதல் வேண்டும். எழுதுவதற்கு உரியது ‘வென்யான்’ என்னும் நூல்நடை. பேச்சை ஒட்டியது ‘பாய்ஹுவா’ என்னும் வழக்குநடை. வழக்குநடையில் நெடுங்கதைகள் பல நூற்றாண்டுகளாகவே வழங்கின. ஆயினும் அவை பொழுதுபோக்கு நூல்களாகவே மதிக்கப்பட்டன. அரசுப் பணிக்குரிய தேர்வுகளும், ஆவணங்களும், சான்றோர் கட்டுரைகளும் நூல்நடைக்கே உரியவாயின. 1905-இல் அத்தேர்வுமுறை ஒழிந்தது. 1917-இல் ஹூ ஷி இலக்கியச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரையை வெளியிட்டு வழக்குநடைக்கு வாதாடினார். 1920-இல் தொடக்கப்பள்ளியின் முதலிரு வகுப்புகளுக்கு அந்நடையையே கல்வித்துறை விதித்தது. லூ சுன்னின் கதை இவ்விரண்டுக்கும் இடையே தோன்றியது.

கதைக்கு வருவோம். தன்னைச் சுற்றியுள்ளோர் அனைவரும் மனிதரைத் தின்போர் என்று ஒருவன் அஞ்சுகிறான். அண்டை வீட்டார், மருத்துவர், உடன்பிறந்த அண்ணன் ஆகிய எவரும் அவன் ஐயத்திற்கு விலக்கல்லர். அறநெறிச் சொற்கள் நிறைந்த வரலாற்று நூலைப் புரட்டும்போதும் வரிகளுக்கு இடையே அக்கொடுமையையே காண்கிறான். தானும் அறியாமல் உண்டிருக்கலாம் என்ற எண்ணம் இறுதியில் அவனை வாட்டுகிறது. பதின்மூன்று சிறு பகுதிகளாக அமைந்த இக்குறிப்புகள் யாவும் வழக்குநடையில் உள்ளன. நூல்நடை முகப்போ வேறு செய்தியைக் கூறுகிறது. அவன் நோய் தீர்ந்துவிட்டது. அரசுப் பதவியை எதிர்நோக்கி வேற்றூர் சென்றுள்ளான். நாட்குறிப்புக்கு அப்பெயரை இட்டவனும் நலம் பெற்ற அவனே.

கதையின் கொடுமை இம்முகப்பிலேயே உள்ளது. பித்தனாய் இருந்தபோது உண்மையைக் கண்டவன், தெளிந்தபின் அமைப்பினுள் ஒடுங்கிவிட்டான். எத்துணை அமைதியாக அதனைச் சொல்கிறது அப்பழைய நடை! அலறல் வழக்குநடையில், அலறலை நோயெனக் குறித்து மூடிவைக்கும் உறை நூல்நடையில். முகப்பை நீக்கினால் எஞ்சுவது துணிவான ஒரு கண்டனமே. முகப்போடு படிக்கும்போது அது தோல்வியின் வரலாறாகவும் ஆகிறது. கதையின் தலைப்பு ருசிய எழுத்தாளர் கோகோலின் கதையிலிருந்து பெற்றது என்பதைப் பலரும் கூறுவர். ஆனால் இவ்விரு நடை அமைப்புக்குக் கோகோல் கடன் கொடுத்தவரல்லர்.

1919-இல் வெளிவந்த ‘கொங் யீஜி’ என்ற கதையில் இச்சிக்கல் ஒரு மாந்தனாகவே உருக்கொள்கிறது. மதுக்கடையில் நீண்ட அங்கி அணிந்தோர் உள்ளே அமர்ந்து அருந்துவர். உழைப்பாளர் வெளியே நின்று அருந்துவர். அங்கியும் அணிந்து நின்றும் அருந்துபவன் கொங் யீஜி ஒருவனே. கற்றவன், தேர்வில் வெல்லாதவன், வாய் திறந்தால் நூல்நடைச் சொற்களே வரும். கடைச் சிறுவனிடம் ஓர் எழுத்தை நான்கு வகையாக எழுதலாம் என்று கற்பிக்க முனைகிறான். சிறுவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். திருட்டுக்காகத் தேர்வில் வென்ற செல்வர் ஒருவரின் வீட்டில் கால் முறிக்கப்பட்டு, இறுதியில் கைகளால் ஊர்ந்து வருகிறான். அவன் மறைந்தபின் கடைக்காரர் நினைப்பது வரவேண்டிய பத்தொன்பது காசுகளைத்தான். பழைய கல்வியை எள்ளும் கதை என்று இதனை மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. எள்ளுபவர்கள் மதுக்கடை மாக்கள். ஆசிரியரின் பரிவு எள்ளப்படுபவன்பால் உள்ளது.

இப்பரிவு வியப்பன்று. லூ சுன் அந்நூல்நடைக் கல்வியில் ஊறியவர். 1881-இல் ஷாவோசிங் நகரில் கற்றோர் குடும்பத்தில் பிறந்தார். பாட்டனார் தேர்வு தொடர்பான கையூட்டுக் குற்றத்திற்காக 1893-இல் சிறைப்பட்டார். தந்தையார் 1896-இல் நோயால் இறந்தார். அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடந்த அச்சிறுவனே பின்னர் மருத்துவம் பயில ஜப்பான் சென்று, 1906-இல் அதனைக் கைவிட்டு இலக்கியத்திற்குத் திரும்பினார். கல்வியமைச்சில் பணியாற்றிய ஆண்டுகளில் பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்தார். மூன்றாம் நூற்றாண்டுப் புலவர் ஜி காங்கின் நூல்களை ஒப்புநோக்கிப் பதிப்பித்தற்கு உழைத்தார். சீனப் புனைகதை வரலாற்றை ஆராயும் அவருடைய நூல் 1923, 1924-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது; அதன் நடை நூல்நடையே. அவரே 1925-இல் இளைஞர்களை நோக்கிச் சீன நூல்களைக் குறைவாகவே படியுங்கள், அல்லது படியாமலே இருங்கள் என்றார். இதனை முரண்பாடு என்று குறைகூறுவார் உளர். பழமையின் சுமையை உள்ளிருந்து அறிந்தவர் கூறிய எச்சரிக்கை என்று கொள்வதே தக்கது. அதனை அறியாதவர் கூறியிருப்பின் அச்சொல்லுக்கு எடையிராது.

இவ்விரு நடைகளும் அவரிடத்தில் கடைசிவரை பிரியவில்லை. 1931 பிப்ரவரி 7-ஆம் நாள் இளம் எழுத்தாளர் ஐவர் ஷாங்காயில் கொலைத் தண்டனைக்கு உள்ளாயினர். அவருள் ரோ ஷி, லூ சுன்னுக்கு மிக நெருங்கியவர். லூ சுன்னும் அந்நாட்களில் மறைந்து வாழ நேர்ந்தது. அத்துயரை அவர் முதலில் எழுதியது பழைய யாப்பிலமைந்த எட்டடிப் பாடலில். ஈராண்டுகள் கழித்து, 1933-இல், அவ்வைவரை நினைந்து வழக்குநடையில் எழுதிய கட்டுரையின் நடுவே அப்பாடலை வைத்தார். 1918-இல் நூல்நடை உறையாக, வழக்குநடை உள்ளீடாக இருந்தது. இங்கோ வழக்குநடை சூழ்ந்து நிற்க, அதன் நடுவே பழைய யாப்பு அழுகிறது.