கைராசி போகவில்லை, மண்தான் களைத்திருக்கிறது

வீட்டுத் தோட்டத்தைப் பற்றிய கலந்துரையாடல்களில் தவறாமல் எழும் முறையீடு ஒன்று உண்டு. தோட்டப்புறத்தில் இருந்தபோது வைத்ததெல்லாம் காய்த்தது. தாமானுக்குக் குடிபெயர்ந்த பிறகு வெண்டி முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை, கத்தரி பூத்ததும் வாடிவிடுகிறது, உரத்துக்குச் செலவழித்த பணம்தான் மிச்சம் என்பார்கள் பெரியவர்கள். இரண்டு மூன்று முறை தோற்ற பிறகு, 'கைராசி போய்விட்டது' என்று மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுகிறார்கள். அவர்களோடு அந்த வீட்டின் தோட்டப் பழக்கமும் முடிந்துபோகிறது.

உண்மையில் கைராசி எங்கும் போகவில்லை. பழைய லயத்து வீட்டில் இருந்த ஒரு பொருள் புதிய வீட்டில் இல்லை. அது விறகடுப்புச் சாம்பல்.

மழை அள்ளிச் செல்வது

குளிர்நாடுகளில் பனி விலகி மண் சூடேறும் இளவேனில் தொடக்கத்தில்தான் காய்கறிப் பாத்திகளைச் சீர்செய்வார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படியொரு பருவம் இல்லை. ஆனால் அதற்கு ஈடான ஓர் இடைவெளி உண்டு. வடகிழக்குப் பருவமழையின் கனத்த பகுதி முடிந்து, பொங்கலுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பின் வெயில் தலைகாட்டும் நாள்களே அவை. சிங்கப்பூரில் வழக்கமாக மழை குறைந்த மாதம் பிப்ரவரி. தீபகற்பத்தின் மேற்குக் கரையிலோ ஏப்ரலில் மீண்டும் மழை வலுக்கும். அதற்குள் பாத்தி தயாராகிவிட வேண்டும்.

பெருமழை மண்ணை நனைப்பதோடு நிற்பதில்லை. மண்ணிலுள்ள கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகிய சத்துகளைக் கரைத்து ஆழத்துக்கு இழுத்துச் செல்கிறது. எஞ்சி நிற்பது புளிப்புத் தன்மை. இந்த வட்டாரத்துச் செம்மண் பலவற்றின் கார அமில அளவு 4 முதல் 5 வரைதான். பெரும்பாலான காய்கறிகளுக்குத் தேவைப்படுவது 6ஐ ஒட்டிய அளவு.

அளவு 5க்குக் கீழே இறங்கும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கருக்குகிறது. வேர் குட்டையானால் செடியும் குட்டையாகும். இடுகிற பாஸ்பரஸ் உரத்தையும் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பந்தியில் சோறு இருக்கிறது, சாப்பிடத்தான் வழியில்லை என்ற நிலை. இந்நிலையில் மேலும் மேலும் உரத்தைக் கொட்டுவதால் பயனில்லை.

விறகுச் சாம்பல் காரத் தன்மை உடையது. கால்சியமும் பொட்டாசியமும் நிறைந்தது. அன்றாடம் அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பலும் மாட்டுக்கொட்டகைச் சாணமும் ஆண்டுக்கணக்கில் பாத்தியில் விழுந்து, யாருக்கும் தெரியாமலேயே மண்ணின் புளிப்பைப் போக்கிவந்தன. எரிவாயு அடுப்பு வந்த பிறகு அந்தச் சாம்பல் நின்றுபோனது.

முதலில் ஒரு பிடி மண்

மழை நின்ற மறுநாளே கொத்தத் தொடங்குவது பலரும் செய்யும் தவறு. ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அது கட்டியாகி, காய்ந்ததும் செங்கல்போல் இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உருண்டை அமுங்கிப் பிசைந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். பொலபொலவென உதிர்ந்தால் கொத்தலாம்.

அடுத்து, செடி விற்கும் கடைகளில் கிடைக்கும் எளிய சோதனைப் பொருளால் மண்ணின் புளிப்பை அளந்து பார்ப்பது நல்லது. வீடமைப்புப் பகுதிகளில் மேல்மண் வழிக்கப்பட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த மண் கொட்டப்பட்டிருக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் சிமெண்டுச் சிதறல் கலந்திருந்தால், அங்கே புளிப்புக்குப் பதில் காரமே மிகுந்திருக்கலாம். அந்த இடத்தில் சுண்ணாம்பு சேர்த்தால் கெடுதலே விளையும்.

சுண்ணாம்பு முதலில், எரு பிறகு

மண் புளிப்பானது என்று தெரிந்தால், சுமார் 20 செண்டிமீட்டர் ஆழம் கொத்தி, சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் டோலோமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்து நீர் தெளிக்க வேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வீரியம் மிக்கது; அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. முட்டை ஓட்டை நன்றாகப் பொடித்துச் சேர்க்கலாம், ஆனால் அது கரைய நெடுநாள் பிடிக்கும்.

இரண்டு வாரம் சென்றபின் நன்கு மக்கிய கோழி எரு அல்லது இலை எருவைச் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை சேர்க்க வேண்டும். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் கலந்தால் எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, காசு காற்றில் போவதன் அடையாளம். மக்காத கோழி எரு இளம் வேரைச் சுட்டுவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். எரு இட்டு மேலும் ஒரு வாரம் கழித்தே விதை. ஆக, மூன்று வாரப் பொறுமை தேவை.

பாத்தியின் அகலம் ஒரு மீட்டர் இருந்தால் இருபுறமும் நின்று கை எட்டும். உள்ளே மிதிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரின் பூங்காக்களில் பொதுமக்களுக்கு விடப்படும் ஒதுக்கீட்டுத் தோட்டப் பாத்தியும் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்டதுதான். உயரம் 20 முதல் 30 செண்டிமீட்டர் வரை இருந்தால் அடுத்த மழைக்கு வேர் அழுகாது. மேலே காய்ந்த புல்லையோ தென்னை ஓலையையோ பரப்பினால் மழைத்துளி மண்ணை அடித்துச் செல்லாது. வாய்க்காலிலும் வாளியிலும் நீர் தேங்க விடக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏறக்குறைய ஒரு வாரமே போதும்.

அதே இடத்தில் அதே செடியா?

பூத்த கத்தரி இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால், அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். பால்போன்ற இழை இறங்கினால் அது மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றை அகற்றி மற்றொன்றை அங்கே நட்டால் நோய் தொடரும். நோய் கண்ட பாத்தியில் சோளம், கீரை வகைகள் என்று மாற்றிப் பயிரிட வேண்டும்.

வீட்டருகே காய்கறி வளர்க்கும் ஆர்வம் இந்நாடுகளுக்குப் புதிதல்ல. மலேசியாவில் 1974ஆம் ஆண்டில் பச்சைப் புத்தகத் திட்டம் அதை வலியுறுத்தியது. கொவிட் தொற்றுக் காலமான 2020இல் சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்குக் காய்கறி விதைப் பொட்டலங்களை வழங்கியது. விதை கிடைப்பது எளிது. அதை வாங்கிக்கொள்ளும் மண் தயாராக இருக்கிறதா என்பதே கேள்வி.

மூலையில் சாத்திய மண்வெட்டியை இந்த மாதம் மீண்டும் எடுக்கலாம். சுண்ணாம்பு முதலில், எரு பிறகு, விதை கடைசியில் என்ற வரிசையைப் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திச் செய்து காட்டினால், தாத்தா பாட்டியின் கைராசி அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும்.