ஏழு வீடும் ஒரு முற்றமும்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் என்பதை யாவரும் அறிவர். இவற்றுள் முதல் இரண்டையும் ஒருவர் தமக்கெனத் தனியே தேடிக்கொள்ளலாம். உறையுள் அத்தகையதன்று. நம் வீட்டுச் சுவருக்கு அப்பால் வாழ்வோர் யாவர், அவரும் நாமும் எதிர்ப்படும் இடம் எது என்பவற்றைப் பொறுத்தும் வீட்டின் நலம் அமைகின்றது.

ஓசூருக்கு அருகே, கருநாடக மாநிலத்தின் எல்லையை அடுத்துள்ளது பாகலூர். அதன் சுற்றுப்புறத்தில் ரோசா மலர்த் தோட்டங்களும் காய்கறி நிலங்களும் மிகுதி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் அங்கே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அடுத்த பத்தாண்டில் மோட்டார் வண்டி, கைக்கடிகாரம் முதலியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் அங்கே இயங்கலாயின. வேலை நாடி வந்தோர் பெருகினர். நகரமும் சுற்றியுள்ள சிற்றூர்களை நோக்கி விரிந்தது. 2019-ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று.

இத்தகைய தொழில் நகரங்களுக்கு வருவோர் பலர் முதலில் குடிபுகுவது 'லைன் வீடு' எனப்படும் வரிசை வீடுகளிலேயாம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, அடுத்த கதவுக்குள்ளும் அவ்வாறே. எல்லார்க்கும் குழாய் ஒன்று. துவைக்கும் கல் ஒன்று. காற்றும் வெளிச்சமும் குறைவு. காலையில் கழிப்பிடத்தின் முன் நிற்கும் வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அங்கே ஒரு நன்மை உண்டு. இரவுப் பணிக்குச் செல்லும் தாய், உறங்கும் குழந்தையை அடுத்த வீட்டாரிடம் ஒப்புவித்துச் செல்கின்றாள். அவர் பேசுவது வேறு மொழியாயிருக்கலாம். குழாயடியில் நாள்தோறும் கண்ட முகம் என்பதே போதும்.

இவ்வரிசைகளை நீக்கி உயர்ந்த மாடிகள் கட்டினால் குடும்பத்திற்கு ஒரு கழிப்பிடமும் காற்றோட்டமும் கிடைக்கும். அந்த அண்டை வீட்டாரும் கிடைப்பாரா?

அமெரிக்க நாட்டில் செயிண்ட் லூயி என்னும் நகரில் இவ்வினாவுக்கு ஒரு விடை கிடைத்தது. அங்கே ஏழைகளுக்காகப் பதினொரு மாடிக் கட்டடங்கள் முப்பத்து மூன்று எழுப்பப்பட்டன. 1954-இல் மக்கள் குடியேறத் தொடங்கினர். மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நில்லாது. மூன்று தளங்களுக்கு ஒன்றில்தான் நிற்கும். அத்தளங்களில் நீண்ட கூடங்களை அமைத்தனர். பிள்ளைகள் விளையாடுவர், தாய்மார் கூடிப் பேசுவர் என்பது வகுத்தவர் எண்ணம். நடந்தது வேறு. பலர்க்கும் பொதுவான அக்கூடங்கள் எவர்க்கும் உரியனவாகவில்லை. அவற்றின் வழியே நடக்கவே மக்கள் அஞ்சினர். பழுதுபார்க்கும் செலவைக் குடியிருப்போர் தரும் வாடகையிலிருந்தே ஈடுசெய்ய வேண்டியிருந்தது. நகரில் வேலையும் மக்கள்தொகையும் குறையவே, வாடகையும் குறைந்தது; பழுதுகள் அப்படியே நின்றன. 1972-இல் இடிக்கத் தொடங்கி, 1976-க்குள் அனைத்தையும் இடித்து முடித்தனர். குற்றம் முழுவதையும் கட்டடத்தின்மேல் சுமத்துவது முறையன்று. எனினும், பொது இடம் ஒன்று இருந்தாலே மக்கள் கூடிவிடுவர் என்னும் நம்பிக்கை அங்கே பொய்த்தது.

எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு இடம் என்பதை எண்ணிப் பார்த்தவருள் ஒருவர் சார்லஸ் கொரியா. நவி மும்பையைச் சேர்ந்த பேலாப்பூரில் 1980-களில் அவர் ஒரு குடியிருப்பை வகுத்தார். ஏழு வீடுகள், அவற்றின் நடுவே எட்டு மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உடைய ஒரு முற்றம். இத்தகைய தொகுதிகள் மூன்று சேர்ந்து அதனினும் பெரிய வெளியொன்றைச் சூழ்ந்திருக்கும். ஏழு குடும்பத்தார் என்றால் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கலாம். அயலார் ஒருவர் முற்றத்துள் நுழைந்தால் உடனே தெரியும். எவரும் வீட்டைப் பின்னர் விரித்துக்கொள்ளுமாறு, அண்டை வீட்டோடு சுவரைப் பகிராமல் ஒவ்வொன்றையும் தனியே நிறுத்தினார். உள்ளூர்க் கொத்தனாரே கட்டக்கூடிய எளிய வீடுகள் அவை.

இந்தூர் நகருக்கருகே பாலகிருஷ்ண தோஷி அமைத்த அரண்யா குடியிருப்பு இதனினும் பெரியது. ஏறத்தாழ 6,500 மனைகள் கொண்டது. திட்டம் வகுப்பதற்கு முன், இந்தூரின் குடிசைப் பகுதிகளில் மக்கள் தெருவை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று ஆராய்ந்தனர். வாயிற்படியில் அமர்ந்து காய் நறுக்குவதும், திண்ணையில் சிறு கடை வைப்பதும், மர நிழலில் தையல் எந்திரம் மிதிப்பதும் அவர்தம் வாழ்வின் பகுதி என்று கண்டனர். ஆகவே புதிய வீடுகளுக்கும் 'ஓட்லா' என்னும் திண்ணை வாய்த்தது. நம் முன்னோர் வழிப்போக்கர்க்கென விட்டுவைத்த திண்ணைக்கு அது உறவுதான். மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். மிக வறியவர்க்கு மனையும், அடித்தளமும், கழிப்பிடமும், தண்ணீர் வசதியும் முதலில் தரப்பட்டன; கையில் பணம் சேரச் சேர அறைகளை அவரவரே கட்டிக்கொண்டனர். வசதியுடையோர்க்குப் பெரிய மனைகளை விற்று, அவ்வருவாயால் வறியோர் மனையின் விலையைத் தாழ்த்தினர். பின்னாளில் கைமாறிய வீடுகளும் உண்டு. 1995-இல் இக்குடியிருப்பு ஆகாகான் கட்டடக்கலை விருதைப் பெற்றது.

நிலம் மலிவாய்க் கிடைக்குமிடத்தில் இவ்வாறு பரந்து கட்டலாம். இடம் அருகிய நகரில் என் செய்வது? தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கே வீடமைப்புக் கழகம் 1960-இல் நிறுவப்பட்டது. அதன் பல கட்டடங்களில் தரைத்தளம் வீடின்றித் திறந்து கிடக்கும். அத்தளத்தில் முதியோர் சதுரங்கம் ஆடுவர். மலாய்க்காரர் திருமணமும் சீனர் இறுதிச்சடங்கும் அங்கேயே நிகழும். வெவ்வேறு இனத்தார் ஒரே கட்டடத்தில் கலந்து வாழ வேண்டும் என 1989-இல் விகித முறையும் வந்தது. அதை நிறைவென்பாரும் குறையென்பாரும் உளர். வீட்டை விற்க முயல்வோர்க்கு அது சில வேளை இடையூறாகின்றது.

பாகலூர்ப் பகுதிக்கு இவற்றுள் எதனையும் அப்படியே பெயர்த்துவர வேண்டுவதில்லை. ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி முற்றத்தில் அமரக்கூடிய குளிர்ச்சி அங்கே உண்டு. மூன்று நான்கு மாடிக்கு மேற்படாமல் கட்டினால் மின்தூக்கி இன்றியும் ஏறலாம். அதன் செலவும் மிஞ்சும். மேல்தளத் தாழ்வாரத்திலிருந்து தாய் அழைக்கும் குரல் கீழே ஆடும் பிள்ளைக்குக் கேட்கும். தரைத்தளத்தை முதியோர்க்கும் ஓரிரு சிறு கடைகளுக்கும் ஒதுக்கலாம். படிக்கட்டு ஒன்றுக்கு எட்டு வீடுகள் என வரையறுத்தால் அதைப் பெருக்குவது யார் முறை என்பதில் குழப்பம் நேராது. குழாய் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் செல்லட்டும். துவைக்கும் கல்லை மட்டும் முற்றத்தில் விட்டுவைக்கலாம். வேண்டுவோர் அங்கு வந்து துவைப்பர்.