பழரசப் பெட்டி: குப்பையா, சரக்கா?

பாலும் பழரசமும் அடைத்து வரும் அட்டைப் பெட்டிகளை இன்று சிற்றூர்க் கடைகளிலும் காண்கிறோம். 1951-இல் ஸ்வீடன் நாட்டில் ரூபன் ரௌசிங் நிறுவிய டெட்ரா பாக் கம்பெனி இவற்றை உலகெங்கும் பரப்பியது. குடித்தபின் எறியப்படும் இப்பெட்டியின் பயனை அங்கத்தினர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

பார்வைக்கு அட்டையாயினும், இது மூன்று பொருள்கள் பல அடுக்குகளாக ஒட்டப்பெற்றது. எடையில் நூற்றுக்குச் சுமார் 75 பங்கு காகிதம், 20 பங்கு பாலித்தீன், 5 பங்கு அலுமினியம். காகிதம் உறுதி தருகிறது. பாலித்தீன் ஈரத்தைத் தடுக்கிறது. அலுமினியம் வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கிறது. பண்டத்தைக் காக்கும் இந்த ஒட்டுதலே, பழைய காகித வியாபாரி இதனை வாங்கத் தயங்குவதற்கும் காரணம்.

பிரிக்கும் முறை கடினமன்று. மோர் கடைந்து வெண்ணெய் எடுப்பதுபோல, பெட்டிகளைப் பெருந்தொட்டியில் நீருடன் இட்டு யந்திரத்தால் கடைகிறார்கள். ஏறக்குறைய அரைமணியில் காகித நார் கூழாகிறது. பாலித்தீனும் அலுமினியமும் துண்டுகளாகச் சல்லடையில் தங்குகின்றன. கூழ் மீண்டும் காகிதமாகிறது. இத்தகைய மறுகூழ்க் காகிதமே நெசவாளர் கையாளும் நூல் கோன்களுக்கும், விவசாயிகள் மாம்பழம் அனுப்பும் அட்டைப் பெட்டிகளுக்கும் உதவுவது. எஞ்சிய துண்டுகளைச் சூடேற்றி அழுத்தினால், பாலித்தீன் உருகித் தானே பசையாகிப் பலகையாக இறுகுகிறது. அதிலிருந்து கூரைத் தகடுகளும் பெஞ்சுகளும் செய்கிறார்கள். மும்பையில் சஹகாரி பண்டார் கடைகள் வழியாகவும் பெட்டிகள் சேகரிக்கப்பட்டு, பள்ளிகளுக்குப் பெஞ்சுகளாகச் சென்றுள்ளன.

நம் மாநிலத்திலும் இதற்கான அறிவுக்குக் குறைவில்லை. சென்னைக் கிண்டியில் 1958-இல் அமைந்த தொழிற்பேட்டையும், 1968-இல் தோன்றிய சிப்பெட் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. குறைவுபடுவது சேகரிப்பே. ஒரு லிட்டர் பெட்டியின் எடை சுமார் 30 கிராம். ஒரு கிலோ சேர முப்பதுக்கு மேல் வேண்டும். தனிக் குடும்பத்திற்கு இது காசாகாது. ஆயிரம் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பார வண்டிச் சரக்காகும். தனித்து நின்றால் விலையில்லாததற்குக் கூடி நின்றால் விலை உண்டு என்பதற்காகவே நம் சங்கங்கள் தோன்றின.

ஆகவே அங்கத்தினர்கள் பெட்டியைக் காலியாக்கி, நீர் விட்டு அலசி, மூலைகளைப் பிரித்துத் தட்டையாக்கி, உலர்த்தி வைத்தல் வேண்டும். ஈரமும் இனிப்பும் தங்கினால் எறும்பும் புழுவும் சேர்ந்து நாரும் கெடும். சங்கக் கிடங்கில் தனிச் சாக்கு ஒன்று ஒதுக்குவதும், வாங்குவோரிடம் முன்னதாகவே விலை பேசி வைப்பதும் நிர்வாகிகளின் பொறுப்பு. வாங்குவோர் உறுதியாகுமுன் சேகரிப்பது கிடங்கை நிரப்புமே தவிர, சங்கத்திற்கு வருவாயாகாது.