வியர்க்காத பிள்ளைகள்

சிந்து மாகாணத்தில் ஓர் இந்துக் குடும்பம். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு வாயில் பாதிப் பற்கள்கூட இல்லை. உடம்பில் முடியும் சொற்பம். வெயில் காலம் வந்தால் தோல் வறண்டு திண்டாடிப் போவார்கள். பெண்களுக்குக் குறை இல்லை. ஆனால், அவர்கள் வழியாகப் பேரன்களுக்கு இறங்கியது. 1875-ல் வந்த தன் புத்தகப் பதிப்பு ஒன்றில் இதைக் குறித்துவைத்தவர் சார்லஸ் டார்வின். காரணம் பிடிபட்டது 1996-ல்: எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ‘ஈடிஏ’ மரபணு.

பல்லுக்கும் வியர்வைக்கும் என்ன சம்பந்தம்? கருவின் மேற்படலம் ஆங்காங்கே தடித்து, உள்நோக்கி இறங்கித்தான் முடி, பல், வியர்வைச் சுரப்பி மூன்றும் உருவாகின்றன. அதற்கான சமிக்ஞை ஈடிஏ புரதம். இதை எலியில் பார்க்கலாம். எலிக்குப் பாதத்தில்தான் வியர்க்கும். அயோடினும் மாவுச்சத்தும் தடவினால் பாதத்தில் கரும்புள்ளிகள் பூக்கும். ஈடிஏ பழுதான ‘டாபி’ ரக எலிக்கு ஒரு புள்ளிகூட வராது.

சுரப்பிகள் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. பிறந்த பின் புதிதாக முளைப்பதில்லை. அதனால்தான் ஜெர்மன் மருத்துவர்கள் ஈடிஏ பழுதான இரட்டை ஆண் கருக்களுக்கு 26, 31-வது வாரங்களில் பனிக்குட நீரில் அந்தப் புரதத்தையே செலுத்தினார்கள். 2018-ல் முடிவு வெளியானது: குழந்தைகளுக்கு வியர்த்தது. பிறந்த பிறகு கொடுத்துப் பார்த்ததில் சொல்லும்படி பலன் இல்லை.

அபூர்வ நோய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கட்டும். எனக்குக் கவலை நம் கோடையைப் பற்றித்தான். வியர்க்காத கைக்குழந்தைக்கு உடம்பு கொதிக்கும். காய்ச்சல் என்று மருந்து மாற்றி மருந்து கொடுப்பார்கள். பல் தாமதமானால், ‘மெதுவா வரும்’ என்பாள் பாட்டி. ஆணிபோல் கூரான பல், மெல்லிய முடி, காரணம் தெரியாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும். வியர்க்காமல் ஏறிய சூட்டுக்கு பாராசிட்டமால் கேட்காது. ஈரத்துணியும் காற்றும்தான் கேட்கும். பள்ளியில் இந்தப் பிள்ளையின் விளையாட்டு வகுப்பை உச்சி வெயிலில் வைக்காதீர்கள். சட்டையை நனைத்துக்கொள்ள அவன் எழுந்து போனால் தடுக்காதீர்கள்.