குரல் கேட்டாலே மனச்சிதைவு என்று முடிவு கட்டலாமா?

காதில் யாரோ திட்டுவது கேட்கிறது, பக்கத்து வீட்டார் சதி செய்கிறார்கள் என்று ஒருவர் சொன்னதுமே குடும்பம் காற்றுக்கருப்பு என்றோ மனச்சிதைவு என்றோ முடிவு கட்டிவிடுகிறது. இரண்டுமே அவசர முடிவுகள். பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறிலும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறிலும் இதே அறிகுறிகள் வரலாம். முதல் வகை பைபோலார் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஒருமுறையாவது பிரமைக்கோ இல்லாத குரலுக்கோ ஆளாகிறார்கள். பார்டர்லைனைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகுத்துள்ள ஒன்பது அடையாளங்களில் ஒன்று, நெருக்கடி நேரத்தில் வந்துபோகும் தற்காலிகச் சந்தேகப் பிரமை. எனவே குரல் கேட்கிறதா என்பதோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, அப்போது தூக்கமும் மனநிலையும் எப்படி இருந்தன என்பதைக் கேட்ட பிறகே நோய்க்குப் பெயர் வைக்க வேண்டும்.

பைபோலாரின் எழுச்சி நிலையில் ஒருவர் இரவில் இரண்டு மணி நேரமே தூங்குவார், ஆனாலும் களைப்பே தெரியாது. ஓயாமல் பேசுவார், சேமிப்பை எடுத்துச் செலவழிப்பார், கடவுள் தன்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக நம்புவார். இது குறைந்தது ஒரு வாரம் நீடிக்கும். அந்த அலை வடியும்போது பிரமையும் பெரும்பாலும் வடிந்துவிடும். பார்டர்லைனில் பெரும்பாலும் தூண்டுவது உறவில் விழும் அடிதான். நெருங்கியவர் போனை எடுக்கவில்லை என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்ற பதற்றம் வருகிறது. சில மணி நேரத்தில் எல்லோரும் எதிரிகளாகத் தெரிகிறார்கள். சமாதானம் ஏற்பட்டதும் அந்தச் சந்தேகம் தணிகிறது. ஆனால் இங்கே குரல்கள் மட்டும் நீண்ட நாள் நிலைப்பதும் உண்டு. அதை நடிப்பு என்று ஒதுக்குவது கொடுமை.

எந்தப் பெயர் வைத்தாலும் கொடுப்பது அதே மாத்திரைதானே என்று சிலர் கேட்கிறார்கள். அது சரியல்ல. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிமுகப்படுத்திய லித்தியம் இன்றும் பைபோலாருக்கு முதன்மையான மருந்துகளில் ஒன்று. ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். பைபோலாரை வெறும் மனச்சோர்வு என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது எழுச்சி நிலையைத் தூண்டிவிடக்கூடும். பார்டர்லைனுக்கோ முதன்மையான சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை அதில் முக்கியமானது. மனச்சிதைவு என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர், தேவைப்படாத மருந்தின் எடைகூடலையும் நடுக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்.

பைபோலாரும் பார்டர்லைனும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம், கோட்டைத் துல்லியமாகப் போட முடியாது என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஒரே ஒரு சந்திப்பில் முடிவு கட்டக் கூடாது என்கிறேன். கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் மருத்துவருக்கு நேரம் இல்லை என்பதும் நிஜம். குடும்பத்தார் ஒரு நோட்டில் தேதிவாரியாகத் தூங்கிய மணி, மனநிலை, செலவு, சண்டை, குரல் கேட்ட நேரம், குடித்தாரா, மாத்திரை விட்டுப்போனதா என எழுதிக்கொண்டு போனால் சில நிமிடங்களிலேயே நல்ல விசாரணை நடக்கும். அதை எழுதும்போது பாதிக்கப்பட்டவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒளிந்து குறிப்பெடுத்தால் சந்தேகம்தான் வளரும். ஆளுமைக் கோளாறு என்றதும் ‘குணமே அப்படித்தான்’ என்று கைகழுவுவதற்கும் ஆதாரமில்லை. பார்டர்லைன் உள்ளவர்களைப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் வெகுவாகத் தணிந்தன.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இங்கே துணைக்கு வருகிறது. நோய் கண்டறியப்பட்டதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவராகக் கருத முடியாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை 25ஆம் பிரிவு தருகிறது. வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்கப் போகும்போது அவை அவசியம். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர நிறுவனங்கள் கடமைப்பட்டவை. நல்ல தெளிவோடு இருக்கும்போதே, நெருக்கடி வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தன் சார்பில் முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். சங்கிலியிடுவதை இந்தச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது.

பைபோலார், பார்டர்லைன் இரண்டிலும் தற்கொலை அபாயம் அதிகம். போலீஸ் கேஸ் வந்துவிடுமோ என்று பயந்து மருத்துவமனைக்குப் போகத் தயங்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு. குரல்கள் உயிரை மாய்த்துக்கொள்ளச் சொன்னால் அவரைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.