வீட்டிலிருந்து வந்த ஒரு இ-மெயில்... கைநழுவிய மேஜர் பட்டம்! கோல்ஃப் விதி மாறிய கதை

டிவியில் மேட்ச் பார்க்கும்போது, ‘அது அவுட்டே இல்லப்பா!’ என்று கத்தாதவர்கள் யார்? நாம் கத்துவது நடுவர் காதில் விழப்போவதில்லை. ஆனால், கோல்ஃபில் ஒரு காலத்தில் விழுந்தது. அதற்குப் பெரிய விலை கொடுத்தவர், அமெரிக்க வீராங்கனை லெக்சி தாம்சன்.

என்ன போட்டி அது?

டென்னிஸுக்கு கிராண்ட்ஸ்லாம் போல, பெண்கள் கோல்ஃபில் ஆண்டுக்கு 5 மேஜர் தொடர்கள். அதில் ஒன்று ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன். இப்போது அதன் பெயர் செவ்ரான் சாம்பியன்ஷிப். அப்போது கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜில் நடந்தது. ஜெயிப்பவர் 18-வது குழிக்குப் பக்கத்தில் இருக்கும் குளத்தில் குதிப்பது வழக்கம். 2014-ல் லெக்சியும் குதித்தவர்தான்.

2017-ல் என்ன நடந்தது?

கோல்ஃபில் யார் குறைவான ஷாட்களில் முடிக்கிறாரோ, அவரே வெற்றியாளர். ஏப்ரல் 2, ஞாயிறு, கடைசிச் சுற்று. லெக்சி முன்னிலையில் இருக்கிறார். 12-வது குழியை முடித்துவிட்டு நடந்துவரும்போது நடுவர் வந்து சொல்கிறார்: உங்களுக்கு 4 ஷாட் அபராதம்!

தப்பு நடந்தது அன்றைக்குக்கூட இல்லை. முந்தைய நாள் 17-வது குழியில், பந்து இருந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் பந்தை எடுத்தார். திரும்ப வைக்கும்போது அது கொஞ்சம், சுமார் ஓர் அங்குலம், தள்ளிப்போய்விட்டது. அதை டிவியில் கவனித்த ஒருவர் இ-மெயில் அனுப்பிவிட்டார்.

அது ஏன் 4 ஷாட்?

தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு 2. அந்த அபராதத்தைச் சேர்க்காமல் சனிக்கிழமை ஸ்கோர் கார்டில் கையெழுத்து போட்டதற்கு இன்னொரு 2. அபராதம் இருப்பதே தெரியாதபோது எப்படிச் சேர்ப்பது? அன்றைய விதிக்கு அதெல்லாம் கணக்கில்லை.

கண்ணீரோடுதான் மிச்ச ஆட்டத்தை ஆடினார் லெக்சி. அப்படியும் கடைசிக் குழியில் சமன் செய்து, பிளே-ஆஃப் வரை போனார். அதில் தென்கொரியாவின் சோ யோன் ரியூ ஜெயித்தார். அவர்மீது ஒரு தப்பும் இல்லை. ஆனால், அன்று பேச்சு முழுக்க அந்த இ-மெயில் பற்றித்தான்.

எது அநியாயம்?

விதி விதிதானே என்றனர் சிலர். ஆனால், கேமரா எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுவதில்லை. முன்னிலையில் இருப்பவரைத்தான் விடாமல் துரத்தும். பின்வரிசையில் ஆடுபவர் அதே தப்பைச் செய்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டைகர் உட்ஸ்கூட, வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் நடுவர்களாகக் கூடாது என்று ட்விட்டரில் கண்டித்தார்.

பிறகு என்ன மாறியது?

அதே மாதத்திலேயே வீடியோ ஆதாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத தப்புக்கும், வீராங்கனை நியாயமாகக் கணித்து வைத்த இடம் கொஞ்சம் பிசகியதற்கும் இனி அபராதம் இல்லை. 2018 ஜனவரி 1 முதல் பார்வையாளர்கள் புகாரை ஏற்பதும் நின்றது. ஒளிபரப்பைக் கவனிப்பது நடுவர்களின் வேலை. தெரியாமல் விடுபட்ட அபராதத்துக்கு ஸ்கோர் கார்டைக் காட்டிக் கூடுதலாக 2 ஷாட் போடும் வழக்கத்தையும் நீக்கினார்கள்.

2024-ல் ரியூ ஓய்வு பெற்றார். முழுநேர ஆட்டத்திலிருந்து விலகுவதாக லெக்சி அறிவித்ததும் அதே ஆண்டில்தான். அவருக்கு இரண்டாவது மேஜர் கடைசிவரை வரவில்லை. ஆனால், அவருக்கு நடந்தது இனி இன்னொருவருக்கு நடக்காது.